டெரிக் மாமா கண்ணை மூடினால் பவுல்

டெரிக் மாமாவின் உடம்பில் கழுத்துக்குக் கீழே அவர் சொல்வதைக் கேட்கிற உறுப்பு ஒன்றே ஒன்றுதான். வலது கால் பெருவிரல். மற்றதெல்லாம் தன்னிஷ்டம். கை ஒரு பக்கம் போகும், கழுத்து இன்னொரு பக்கம் சாயும், வாயைத் திறந்தால் எச்சில் வருமே தவிர வார்த்தை வராது. பிறக்கும்போது மூச்சு வரத் தாமதமாகிவிட்டதாம். டாக்டர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் எனக்குச் சொல்லத் தெரியும், எழுதத் தெரியாது. ஒன்பதாவதோடு நானும் பள்ளிக்கூடமும் பிரிந்துவிட்டோம். மூளை மட்டும் மாமாவுக்குப் பழுதில்லை. எங்கள் சந்தில் பழுதில்லாத மூளை அபூர்வம் என்பதால் யாரும் அதை அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

அவர் என் அம்மா டோரதியின் தம்பி. ராயபுரத்திலிருந்து காசிமேட்டுக்குப் போகிற பக்கம் எங்கள் வீடு. வாசலில் மாமாவின் சக்கர நாற்காலி, அதற்கு எதிரே ரவிக்குமார் அண்ணனின் போட் இன்ஜின் பட்டறை, அதற்கப்பால் உலகம்.

மாமாவின் மொழி சுலபம். மேலே பார்த்தால் ஆமாம். இடது தோளைப் பார்த்தால் இல்லை. நாக்கு நுனி தெரிந்தால் தண்ணீர். வேண்டிய சாமானைப் பெருவிரல் காட்டும். எனக்கும் அப்பாவுக்கும் தெரிந்தது இவ்வளவுதான். அம்மாவுக்கு மட்டும் முழு மொழியும் தெரியும். உதட்டின் எந்த மூலை இழுத்தால் கொசு, தொண்டையில் எந்தச் சத்தம் வந்தால் முதுகுக்கு அடியில் சட்டை சுருண்டிருக்கிறது, எந்த முனகல் சும்மா பொழுதுபோகாத முனகல் என்று அடுப்படியிலிருந்தே சொல்லிவிடுவாள். எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள்.

தெரிந்ததோடு நிறுத்திக்கொண்டிருந்தால் அவள் புனிதவதி. ஆனால் அவள் நிறுத்தவில்லை. மாமா ஒரு தடவை மேலே பார்ப்பார். அந்த ஒரு 'ஆமாம்' போதும், அம்மா அதை ஊறப்போட்டு, அரைத்து, ஊருக்கே இட்லி ஊற்றிவிடுவாள்.

"டெரிக் சொல்றான், இன்னிக்கு வஞ்சிர மீன் கொயம்பு வோணுமாம்."

"அவன் கண்ண ஒரு தபா மேல தூக்குனான். அதுல வஞ்சிரம் எங்கடி வந்திச்சி?" என்பார் அப்பா. ஹார்பரில் கன்டெய்னர் நம்பர் பார்க்கிற வேலை அவருக்கு. எதையும் சரிபார்த்துத்தான் நம்புவார்.

"உங்களுக்குப் புரியாது. கூடப் பொறந்தவளுக்குத்தான் புரியும்."

வஞ்சிரம் அம்மாவுக்குத்தான் உயிர். மாமா குழம்பில் ஊறிய சோற்றை ரெண்டு வாய் வாங்குவார், மீதியை யார் சாப்பிட்டார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து வீட்டு ஜானட் ஆன்ட்டி குழாயடியில் வம்பு பண்ணினால், "டெரிக்குக்கு உன் போக்கே புடிக்கலியாம் ஜானட்" என்பாள் அம்மா. வீட்டுக்காரர் வாடகை பேச வந்தால் டெரிக்குக்கு மனசு கஷ்டமாகிவிடும். அப்பா சனிக்கிழமை லேட்டாக வந்தால் டெரிக் தூங்கவே இல்லை. மாமா குறட்டை விட்டபடி தூங்காமல் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

இந்த வீட்டில் மாமா கேட்டது ஒன்றுதான். தான் சொன்னது மட்டும் தான் சொன்னதாக இருக்க வேண்டும். அதைக் கேட்கவும் அம்மாவின் வாய்தான் வேண்டியிருந்தது. அங்கேதான் சிக்கல்.

அவர் சொல்வது அப்படியே எடுபட்ட இடம் எதிரே பட்டறை வாசலில் இருந்தது. தார்ப்பாய்க்குக் கீழே கேரம் போர்டு, மேலே தொங்கும் குண்டு பல்பு, சுற்றிலும் நாற்காலி இல்லாத கூட்டம். தினமும் சண்டை. கை கோட்டைத் தாண்டியதா, ஸ்டிரைக்கர் கோட்டைத் தொட்டதா, அடிக்கும்போது பின்புறம் ஸ்டூலை விட்டு எழும்பியதா. ஒருநாள் மதி என்கிற பையன் ஸ்டூலையே தூக்கிவிட்டான். அடி விழுவதற்கு முன்னால் ரவிக்குமார் அண்ணன் சொன்னார்: "சொம்மா கூவாதீங்கடா. டெரிக்கு பாத்துகினுதான் கீறான். அவனக் கேளுங்க."

மாமாவின் தலை எப்போதும் இடப்பக்கம் சாய்ந்தே இருக்கும். நாற்காலியை போர்டு ஓரம் நிறுத்தினால் கண் சரியாகப் பலகை மட்டத்துக்கு வந்துவிடும். மாமா மதியைப் பார்த்தார். கண்ணை இறுக மூடித் திறந்தார். தப்பாட்டம், பவுல் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

அன்றிலிருந்து அவர்தான் அம்பயர். அறிவாளி என்பதால் இல்லை. அவரோடு யாரும் வாதாட முடியாது என்பதால். கத்துகிறவனைப் பார்த்துக்கொண்டே எச்சில் விடுகிற ஒருவரிடம் எவ்வளவு நேரம் கத்த முடியும். போர்டுக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களுக்கு அவர் முகம் தெரியாது என்பதால் ஒரு வழக்கம் வந்தது. அவர் கண்ணை மூடினால் பார்த்தவன் "பவுல்" என்பான், உடனே எல்லோரும் சேர்ந்து "பவுல்" சொல்ல வேண்டும். தப்பு செய்தவனும் சொல்ல வேண்டும். பிறகு பேச்சே இல்லை. பழகிப்போய், பையன்கள் தெருவில் மாமா தும்மினால்கூட வாயைத் திறந்துவிடுவார்கள்.

மாமா ஒன்றும் தர்மராஜா இல்லை. வந்ததும் வணக்கம் வைக்காதவனுக்கு ரெண்டு பவுல் அதிகம் விழும். தேநீர் ஊட்டிவிடுகிறவனின் பின்புறம் எவ்வளவு எழும்பினாலும் அவருக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கோல்மால் முழுக்க அவருடைய சொந்தக் கோல்மால். அதில் அம்மா ஒரு எழுத்து சேர்க்க முடியாது.

பிப்ரவரியில் எங்கள் கோயிலில் நோயாளிகள் ஞாயிறு வரும். பூசை முடிந்ததும் சக்கர நாற்காலிகளையெல்லாம் பீடத்துக்கு முன்னால் ஹார்பர் கேட்டில் லாரி நிற்கிற மாதிரி வரிசையாக நிறுத்துவார்கள். ஒவ்வொருவராகச் சாட்சி சொல்வார்கள். மாமாவுக்காக அம்மா சொல்வாள். அம்மா மைக்கைப் பிடித்தால் முன்வரிசை அழும், கடைசி வரிசை பிரியாணிப் பொட்டலத்தை எண்ணும்.

இந்த வருஷம் மாமா வரமாட்டேன் என்றார். ஞாயிறுக்கு முந்தைய வாரம் முழுவதும் இடது தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கழுத்து அங்கேயே மாட்டிக்கொண்டு, அப்பா தைலம் போட்டுத் திருப்பினார்.

"வருசத்துக்கு ஒரு நாளு. அதுல உனக்கு இன்னா நோவுது?" என்றாள் அம்மா.

மறுபடி இடது தோள்.

"வரமாட்டேன்னு சொல்றாரும்மா" என்றேன்.

"எனக்குத் தெரியாததா? கோயிலுக்கு வேற சட்டை கேக்குறான் ஷிஜி. அந்த வெள்ளை முழுக்கை எட்து வை."

வெள்ளை முழுக்கைச் சட்டையோடு மாமா பீடத்துக்கு முன்னால் நிறுத்தப்பட்டார். அம்மா மைக்கை வாங்கி, தொண்டையைச் சரிசெய்து, மைக்குக்கென்று வைத்திருக்கும் தமிழில் ஆரம்பித்தாள்.

"என் தம்பி டெரிக் சொல்கிறான். ஆண்டவரே, நீர் எனக்குத் தந்த இந்தச் சிலுவைக்காக நன்றி. என் கால்கள் நடக்காவிட்டாலும் என் ஆன்மா உம்மை நோக்கி ஓடி வருகிறது."

போன வருஷமும் அந்த ஆன்மா அதே திசையில்தான் ஓடியது. மாமா அம்மாவைப் பார்த்தார். அவள் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா திரும்பி, கோயிலின் கடைசிவரைக்கும் ஒரு பார்வை பார்த்து, கண்ணை இறுக மூடித் திறந்தார்.

கடைசி வரிசையில் பிரியாணிக்காக நின்ற மதி, கிறிஸ்தவனே இல்லாதவன், கோயில் என்பதையே மறந்துபோய் "பவுல்" என்றான். வழக்கம் வழக்கம்தானே. அவனைச் சுற்றி நின்ற கேரம் கூட்டம் மொத்தமும் "பவுல்" என்றது.

புதிதாக வந்திருந்த ஃபாதர் தெற்கத்திக்காரர். அப்போஸ்தலர் பவுலைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் பக்தியோடு தலையசைத்தார். மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டது. ஜானட் ஆன்ட்டி முக்காட்டைக் கடித்துக்கொண்டு குலுங்கினாள். பெஞ்சு பெஞ்சாகச் சிரிப்பு முன்னால் வந்தது. மாமா வாய் கோண, எச்சில் வழிய, எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அம்மா மைக்கை அணைக்காமலே தரையில் வைத்துவிட்டு நாற்காலியைத் திருப்பினாள். அதன் சக்கரம் கிரீச்சிட்டது ஸ்பீக்கரில் வாசல்வரை கேட்டது.

வீட்டுக்கு வந்து அடிப்பாள், அழுவாள் என்று காத்திருந்தேன். ஒன்றும் இல்லை. சட்டையைக் கழற்றி, முகம் துடைத்து, சோறு ஊட்டினாள். அப்புறம் சொன்னாள்:

"இன்னிலேர்ந்து அவன் சொல்றத அவனே சொல்லிக்கட்டும். நான் வாய தொறக்க மாட்டேன். ஊர்ல அல்லாருக்கும் புரியுதுல்ல, புரியட்டும்."

அம்மா ஸ்டிரைக்கில் இறங்கிவிட்டாள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூக்கிப் படுக்கவைப்பது எல்லாம் நடந்தது. பேச்சு மட்டும் நின்றது. மாமா சொல்வது அவளுக்குப் புரியும், செய்வாள். யாரிடமும் சொல்ல மாட்டாள்.

முதல் நாள் மாமா ராஜா மாதிரி இருந்தார். அடுத்த நாள் அப்பாவிடம் எதையோ கேட்டார். பெருவிரல் ஜன்னலைக் காட்டியது. அப்பா ஜன்னலைத் திறந்தார். இடது தோள். மூடினார். இடது தோள். பாதி மூடினார், திரை போட்டார், கம்பியைத் துடைத்தார். கடைசியில் ஜன்னலுக்கு வெளியே பட்டறையில் பவுடர் பறந்துகொண்டிருந்தது தெரிந்தது. கேரமுக்குப் போக வேண்டுமாம். அதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டிருந்தது. அம்மா மூலையில் இறால் உரித்துக்கொண்டு, உரிப்பது மட்டுமே இந்தப் பிறவியின் நோக்கம் என்பது போல் உட்கார்ந்திருந்தாள்.

நடுவில் ஃபாதர் வீட்டுக்கு வந்தார். சாட்சி பாதியில் நின்றதில் அவருக்கு வருத்தம்.

"டெரிக், நல்லாயிருக்கீங்களா தம்பி?"

மாமா மேலே பார்த்தார்.

"டீ குடிக்கிறீங்களா? நான் வாங்கித் தரட்டுமா?"

மாமா இன்னும் வேகமாக மேலே பார்த்தார்.

ஃபாதர் கண் கலங்கினார். "பாருங்க. எது கேட்டாலும் மேலே இருக்கிறவரையே பார்க்கிறார்" என்று சொல்லி, மாமாவின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுக் கிளம்பினார். டீ வரவில்லை. அது ஆமாம்தான் ஃபாதர் என்று நான் சொல்லியிருக்கலாம். இவ்வளவு நல்ல காட்சியைக் கெடுக்க மனசு வரவில்லை. பிறகு கடைக்குப் போய் நானே வாங்கிவந்து ஊட்டினேன், அம்மா பார்க்காதபோது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை கேரம் போட்டியின் ஃபைனல். வருஷா வருஷம் கப்பு புளியந்தோப்புக்கே போய்க்கொண்டிருந்தது. போய்க்கொண்டிருந்த காரணம் ஜீனத். ஷேர் ஆட்டோவில் தம்பியோடு வந்து இறங்கி, துப்பட்டாவைத் தோளில் முடிந்துகொண்டு உட்கார்ந்தால் எங்கள் பையன்களின் முகத்தைப் பார்க்க முடியாது. இந்தத் தடவை அவளுக்கு எதிரே மதி. மாமா அம்பயர் என்பதில் அவளுக்கு ஆட்சேபம் இல்லை.

"கண்ணு மூட்னா பவுலு, அவ்ளோதான? எங்க ஊரு அம்பயரு கண்ண தொறக்கவே மாட்டாரு" என்றாள்.

ஆட்டம் சூடுபிடித்தது. ஜீனத் ஒரு காயை ஓரத்தில் உரசி உள்ளே தள்ளினாள். மாமா கண்ணை மூடினார்.

"பவுல்" என்றது சந்து, சந்தோஷமாக.

ஜீனத் நிமிர்ந்து பார்த்தாள். வழக்கப்படி தானும் சொல்லிவிட்டு ஒரு காயை எடுத்து வெளியே வைத்தாள். அடுத்த தடவையும் மூடினார். மறுபடி கோரஸ், இன்னும் சந்தோஷமாக.

"இன்னாபா இது, ஒயுங்காதான அட்ச்சேன்."

"டெரிக்ணா சொன்னா சொன்னதுதான்" என்றான் மதி. சொல்லிவிட்டு ரெட் என்கிற சிவப்புக் காயை அடித்தான். அது வழுக்கிக்கொண்டு உள்ளே போனது, அதை உறுதிசெய்கிற கவர் காயும் பின்னாலேயே போனது. சந்து துள்ளியது. மாமாவின் கண் மறுபடி மூடிக்கொண்டது. இந்தத் தடவை கோரஸ் பாதியில் நின்றது. ஒருவன் "பவுல்" என்றான், ரெண்டு பேர் அவன் வாயைப் பொத்தினார்கள். புளியந்தோப்பு ஆட்கள் சத்தமாகச் சொன்னார்கள். ஸ்டூல் ஒன்று காற்றில் ஏறியது.

மாமா கண்ணைத் திறக்கவே இல்லை. யாரும் அதைப் பார்க்கவில்லை; எல்லோரும் அவர் சொன்னதைப் பற்றிச் சண்டை போடுவதில் மும்முரமாக இருந்தார்கள்.

எதிரே வாசலில் இறால் கூடையோடு அம்மா உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்தது எனக்குத் தெரிந்தது. இறால் நாற்றக் கையோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, மதியை ஒரு தள்ளு தள்ளி, மாமாவின் காலடியில் மண்டியிட்டாள். கால் வைக்கிற பலகையின் வாரை அவிழ்த்தாள். இடது கெண்டைக்கால் கல்லாக இறுகிக் கிடந்தது.

"பவுலுமில்ல, ஒரு மண்ணுமில்ல. நரம்பு இஸ்துகினு கீது அவனுக்கு. கீழ் உதட்ட கட்ச்சிகினு கண்ண மூட்னா வலிடா. உதடு லூசா கீறப்போ மூட்னாதான் பவுலு. உசுரு போவுது அவனுக்கு, நீங்க கோரஸ் பாடிகினு கீறீங்க."

காற்றில் ஏறிய ஸ்டூல் கீழே இறங்கியது. அம்மா காலைப் பிடித்துப் பிசைந்தாள், மடக்கினாள், நீட்டினாள். மெல்ல மெல்ல உதடு பல்லிலிருந்து வெளியே வந்தது. மாமா கண்ணைத் திறந்தார். கண் நிறையத் தண்ணீர். அம்மா தன் தோளால் அதைத் துடைத்துவிட்டாள், கையில் இறால் நாற்றம்.

ஜீனத்தான் முதலில் பேசினாள். "அக்கா, அப்போ மூணும் வலிதானா? எது வலி, எது பவுலுன்னு அவரையே கேட்டுச் சொல்லுங்க."

"நான் சொல்ல மாட்டேம்மா. நான் சொன்னா கோயில்லயே பவுலுன்றாங்க."

மாமாவின் பெருவிரல் நகர்ந்து அம்மாவின் மணிக்கட்டில் வந்து நின்றது. எதையும் காட்டவில்லை. சும்மா நின்றது. அம்மா குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரோட்டில் ஒரு டிரெய்லர் லாரி போய், பல்பு ஆடி நின்றது.

"சரி சொல்லு" என்றாள் அம்மா. "நீ சொல்றத ஒண்டி சொல்றேன். ஒரு வார்த்த சேக்கமாட்டேன். மொத தபா, இந்தப் பொண்ணு அட்ச்சது. பவுலா?"

இடது தோள்.

"இல்ல. அடுத்த தபா?"

இடது தோள்.

"இல்ல."

ஜீனத் ரெண்டு காயையும் எடுத்துக்கொண்டாள். எங்கள் சந்துக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் தாங்கிக்கொண்டது. மதியின் ரெட் இருந்தது. அது நின்றால் கப்பு எங்களுக்கு.

"மதி அட்ச்ச ரெட்டு?"

மாமா மதியைப் பார்த்தார். மதிதான் தினமும் அவருக்கு டீ ஊட்டுகிறவன். அன்றைக்கும் ஊட்டியிருந்தான். வலியோடு வலியாக, கண் மூடுகிற கணத்துக்கு முன்னால் மாமா எதையோ பார்த்திருக்க வேண்டும். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு மெதுவாக மேலே பார்த்தார்.

பார்த்தது அம்மாவும், பின்னால் நின்ற நானும்தான். மற்றவர்களுக்கு அம்மாவின் முதுகு மறைத்தது.

"லெப்ட்லதான பாத்தாரு ஆன்ட்டி?" என்றான் மதி, குரல் இறங்கிப்போய்.

ரவிக்குமார் அண்ணன் குனிந்து அம்மாவின் காதருகே சொன்னார்: "தங்கச்சி, உனக்குத் தெரியாததா. இத்தினி வருசம் எத்தினி சொல்லிகீற. நம்ம சந்துக்காக இந்த ஒரு தபா மாத்திச் சொல்லு."

போன ஞாயிறு கோயிலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த முகங்கள் எல்லாம் அம்மாவைச் சுற்றி நின்றன. எல்லா முகத்திலும் ஒரே வேண்டுதல்: ஒரே ஒரு பொய், நல்ல சரளமான பொய், உங்களுக்குக் கைவந்தது. அப்பாகூட வாசலில் நின்று கெஞ்சுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா எழுந்தாள்.

"பவுலு" என்றாள்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் சொன்னான்."

ஜீனத் அடுத்த கையில் ஆட்டத்தை முடித்தாள். கப்பு ஷேர் ஆட்டோவில் ஏறிப் புளியந்தோப்புக்குப் போனது. மதி மாமாவைப் பார்க்காமல் ஸ்டூலை அடுக்கினான். ரவிக்குமார் அண்ணன் யாரையும் பார்க்காமல், "வூட்டு ஆளு வூட்டு ஆளா இல்லன்னா இன்னா பண்றது" என்று இன்ஜினிடம் சொன்னார். அம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு சந்தைக் கடந்தாள்.

வாசல் ஏறும்போது ஸ்கூட்டரில் ஃபாதர் வந்து நின்றார். இன்ஜினை அணைக்கவில்லை, சும்மா நலம் விசாரித்துவிட்டுப் போகிற நிறுத்தம்.

"டெரிக் எப்படி இருக்கிறார்? என்ன சொல்கிறார்?"

அம்மாவின் வாய் பழக்கத்தில் திறந்துவிட்டது. சிலுவை, நன்றி, ஆன்மா எல்லாம் வரிசையில் நின்றிருக்கும். அவள் வாயை மூடிக்கொண்டு மாமா பக்கம் குனிந்தாள்.

"ஃபாதர் கேக்குறாரு. எதுனா சொல்லணுமா?"

மாமா யோசித்தார். எச்சிலை விழுங்கினார். ஃபாதர் கைப்பிடியைத் திருகியபடி புன்னகையைப் பிடித்து வைத்திருந்தார். மாமா இடது தோளைப் பார்த்தார்.

"அவனுக்கு ஒண்ணும் சொல்றதுக்கில்லியாம், ஃபாதர்."

ஃபாதர் தலையாட்டிவிட்டுக் கிளம்பப் பார்த்தார். அம்மா ஸ்கூட்டரின் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னக் கேளுங்க. நான் சொல்றேன். எனக்கு முதுகு வலி. அவன தூக்கித் தூக்கி இடுப்பு கழண்டு போச்சு. ராத்திரி நான்தான் தூங்கறதில்ல. வஞ்சிரம் எனக்குத்தான் வோணும், அவனுக்கில்ல. இத்தினி வருசத்துல என்ன ஒருத்தரும் எப்படி கீறன்னு கேட்டதில்ல ஃபாதர், நீங்களும்தான்."

ஃபாதர் ஸ்கூட்டரை அணைத்தார். அப்பா உள்ளே போய் அவருக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.